வளைகாப்புத் தேதியோடு கக்குவான் ஊசித் தேதியையும் குறி

ஆறாம் மாதம் முடியப் போகிறது. வளைகாப்புக்கு நாள் பார்க்கிறார்கள். அம்மா வளையலுக்குக் கணக்குப் போடுகிறாள். ஐந்து வகைச் சாதமா, ஏழு வகையா என்று உன் மாமியார் போன் போட்டுக் கேட்கிறார். இத்தனை அமளியிலும் ஒன்று மட்டும் யார் பட்டியலிலும் இல்லை: கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி. அதைப் பற்றித்தான் அக்கா இதை எழுதுகிறேன். உன்னோடு சேர்த்து, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற எல்லாத் தங்கைகளுக்கும்.

இந்த ஊசி யாருக்கு?

ஊசி ஏறுவது உன் கையில். பலன் பெரும்பாலும் பிள்ளைக்கு. கக்குவான் பாக்டீரியாவால் வருகிற தொற்றுநோய். இருமும்போதும் தும்மும்போதும் பரவும். பெரியவர்களுக்கு வந்தால் வாரக்கணக்கில் இருமி, விலா எலும்பு வலித்து, இரவில் தூக்கம் கெட்டு ஒருவழியாகத் தேறிவிடுவார்கள். பச்சைப் பிள்ளைக்கு வந்தால் கதையே வேறு. அதற்கு இழுத்து இருமத் தெம்பு இருக்காது. இருமுவதற்குப் பதிலாக மூச்சே சில நொடிகள் நின்றுவிடும், உதடு நீலம் பாயும். நிமோனியா, வலிப்பு என்று அடுத்தடுத்துப் போகலாம். ஒரு வயதுக்குள் கக்குவான் வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வருகிறது என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். அப்படிச் சேர்க்கப்படும் நூறு பிள்ளைகளில் ஒன்று இறந்துவிடுகிறது.

பிள்ளைக்கென்று உள்ள கக்குவான் ஊசியை எப்போது தொடங்குகிறோம்? ஆறு வாரத்தில். நம் ஊரில் ஒன்றரை மாத ஊசி, 45 நாள் ஊசி என்று சொல்வோமே, அதில்தான். அதுவும் ஒரே டோஸில் முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. மூன்று டோஸ் முடிய மூன்றரை மாதம் ஆகும். கக்குவான் உயிரைக் குடிக்கிற காலமும் இந்த முதல் மூன்று மாதம்தான்.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்த ஊசி. நீ போட்டுக்கொண்டதும் உன் உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அது நன்றாகச் சேர இரண்டு வாரம் பிடிக்கும். பிறகு நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளையின் ரத்தத்துக்குப் போகும். வயிற்றிலிருந்து வரும்போதே பிள்ளை கையோடு கொண்டுவருகிற தாய்வீட்டுச் சீர் என்று வைத்துக்கொள். சில மாதத்தில் அது கரைந்துவிடும். அதற்குள் பிள்ளையின் சொந்த ஊசிகள் வேலையைத் தொடங்கியிருக்கும்.

இது காகிதக் கணக்கு இல்லை. 2012-இல் இங்கிலாந்தில் கக்குவான் திடீரென்று பெருகி 14 கைக்குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியைப் போட ஆரம்பித்தார்கள். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஊசி போட்ட தாய்மாரின் பச்சைப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பங்கு நோயைத் தடுத்திருந்தது. அமெரிக்காவும் அதே ஆண்டிலிருந்து ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் இதைச் சொல்லி வருகிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நோய் வருவதை 78 சதவீதமும், ஆஸ்பத்திரியில் சேரும் நிலையை 90 சதவீதமும் இந்த ஊசி குறைக்கிறது என்பது அங்குள்ள கணக்கு.

"எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று நம்பிவிடாதே

பெரும்பாலான தங்கைகள் கோட்டை விடுவது இங்கேதான். கர்ப்பம் உறுதியானதும் சுகாதார நிலையத்தில் ஓர் ஊசி, நான்கு வாரம் கழித்து இன்னொன்று போடுவார்கள். முன்பு அது டெட்டனஸுக்கு மட்டும். இப்போது டெட்டனஸோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். பழையதையும் புதியதையும் ஊரில் 'டி.டி. ஊசி' என்றே சொல்கிறோம். இரண்டிலுமே கக்குவானுக்கு மருந்து கிடையாது.

கக்குவானும் சேர்ந்த ஊசியின் பெயர் டிடாப். டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றும் அதில் உண்டு. கடையில் பூஸ்ட்ரிக்ஸ், அடாசெல் என்ற பெயர்களில் கிடைக்கும். அரசு சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக இலவசமாகப் போடுவது டி.டி. டிடாப் பெரும்பாலும் தனியாரில்தான். ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பிரசவச் செலவுக்கு எடுத்து வைக்கும்போதே இதற்கும் தனியாக எடுத்து வை.

டாக்டரிடம் போய், "தடுப்பூசி எல்லாம் போட்டாச்சா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்காதே. "போட்டாச்சும்மா" என்று பதில் வரும். டி.டி.யைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. "டிடாப் எனக்கு எந்த வாரம் போடுவீங்க?" என்று பெயர் சொல்லிக் கேள்.

இந்திய மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபாக்ஸியும் இந்த ஊசியைப் பரிந்துரைக்கிறது. முதல் டி.டி. போட்ட பிறகு, இரண்டாவது டி.டி.க்குப் பதிலாகவே டிடாப்பைப் போடும் டாக்டர்கள் உண்டு. உனக்கு இரண்டு டி.டி.யும் ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? அப்போதும் டிடாப் போட்டுக்கொள்ளலாம். "போன மாசம்தானே டி.டி. போட்டோம்" என்பது இதற்குத் தடை இல்லை. டி.டி.யைத் தவிர்த்துவிட்டு டிடாப்புக்காகக் காத்திருக்கலாமா என்ற முடிவை மட்டும் நீயாக எடுக்காதே, அது டாக்டர் சொல்ல வேண்டியது.

எந்த வாரம்? கணக்கு இதோ

27-ஆம் வாரத்திலிருந்து 36-ஆம் வாரத்துக்குள். நாம் மாதக் கணக்கில் பேசுகிறோம், டாக்டர்கள் வாரக் கணக்கில் எழுதுகிறார்கள். குழம்பாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் பிரசவத் தேதி இருக்கும். அதிலிருந்து 13 வாரம் பின்னால் போனால் ஊசிக்கான முதல் நாள். நான்கு வாரம் பின்னால் போனால் 36 வாரம் முடிகிற நாள். பிரசவத் தேதி நவம்பர் 30 என்றால், ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 2 வரை உனக்கான காலம்.

இந்தக் காலத்தின் முற்பகுதியிலேயே போட்டுக்கொள்வது நல்லது. எல்லாப் பிள்ளையும் நாற்பது வாரம் காத்திருப்பதில்லை. இரட்டைக் குழந்தை, பிபி, முன்பு குறைமாதத்தில் பிறந்தது என்று ஏதாவது இருந்தால் 27, 28-ஆம் வாரத்திலேயே டாக்டரைக் கேட்டுவிடு.

36 வாரம் தாண்டிவிட்டதா? "இனி எதுக்கு" என்று விட்டுவிடாதே. அப்போதும் போடலாம். பிரசவத்துக்கு இரண்டு வாரம் இல்லையென்றால் பிள்ளைக்குப் போய்ச் சேர்வது குறையும், அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பிறகு போட்டால் வயிற்றில் கிடைத்திருக்க வேண்டியது பிள்ளைக்குக் கிடைக்காது. ஆனாலும் உன்னிடமிருந்து பிள்ளைக்கு நோய் தொற்றும் வாய்ப்பு குறையும்.

இரண்டாவது பிரசவமா? மறுபடியும் போட வேண்டும். உன் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் ஓராண்டுக்குள்ளேயே நன்றாகக் குறைந்துவிடுகிறது. மூத்தவனுக்காகப் போட்டது இளையவளுக்கு வராது. சின்ன வயதில் உனக்குப் போட்ட முத்தடுப்பு ஊசியும், எப்போதோ வந்து போன கக்குவானும் அப்படித்தான். ஆயுசுக்கும் காப்பாற்றாது.

புகுந்த வீட்டு ஆஸ்பத்திரியும் பிறந்த வீட்டு ஆஸ்பத்திரியும்

நாள்காட்டியை எடுத்துப் பார். ஏழாம் மாத வளைகாப்பு, ஒன்பதாம் மாத வளைகாப்பு, சீமந்தம், பூச்சூட்டல் என்று எந்த வழக்கமாக இருந்தாலும், எல்லாம் கிட்டத்தட்ட இந்த ஊசியின் காலத்திலேயே வருகின்றன. விழா முடிந்ததும் நீ அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாய். டாக்டர் மாறுவார், ஃபைல் மாறும். "அங்கே போய்ப் போட்டுப்பாங்க" என்று இந்த டாக்டர் நினைப்பார். "அங்கேயே போட்டிருப்பாங்க" என்று அந்த டாக்டர் நினைப்பார். நடுவில் பத்து வாரம் ஓடிவிடும்.

மூன்று வேலையை இப்போதே செய்.

ஒன்று: 28 வாரம் முடிந்த பிறகுதான் ஊருக்குக் கிளம்புகிறாய் என்றால், கிளம்பும் முன் கடைசி செக்கப்பிலேயே ஊசியைப் போட்டுக்கொள். அதற்கு முன்பே கிளம்புகிறாய் என்றால், அம்மா ஊரில் முதல் செக்கப்பில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

இரண்டு: தாய் சேய் நல அட்டையில் எழுதி வாங்கு. தடுப்பூசிக் கட்டத்தில் டி.டி. முதல் தவணை, இரண்டாம் தவணை, பூஸ்டர் என்றுதான் அச்சிட்டிருக்கும். டிடாப்புக்குத் தனி வரி இருக்காது. அந்தக் கட்டத்தின் ஓரத்தில் 'டிடாப்' என்ற பெயர், தேதி, எத்தனையாவது வாரம், மருந்தின் பேட்ச் எண் நான்கையும் நர்ஸ் கையால் எழுதச் சொல். வெறும் டிக் மார்க் போட்டுவிட்டால், நாளைக்குப் படிப்பவர் அதை டி.டி. என்றுதான் எடுத்துக்கொள்வார். எழுதிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து மாப்பிள்ளைக்கும் அம்மாவுக்கும் அனுப்பிவிடு.

மூன்று: உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிடு. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கிடைத்த உன் பிக்மி எண்ணை வைத்து உன்னைப் பின்தொடர்கிறவர் அவர்தான். தனியாரில் டிடாப் போட்டது அவருக்குத் தெரிந்திருந்தால், டி.டி. கணக்கைச் சரியாக எழுதிக்கொள்வார்.

மருந்துக் கடையில் வாங்கும்போது

சில கிளினிக்குகளில் ஊசி மருந்து அவர்களிடமே இருக்கும். சில இடங்களில் சீட்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கி வரச் சொல்வார்கள். அப்படியானால் கவனம் தேவை. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்தாலும் வீண், உறைந்து போனாலும் வீண்.

கிளினிக்குக்குப் பக்கத்துக் கடையில், ஊசி போடப் போகிற நேரத்தில் வாங்கு. முதல் நாளே வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்காதே, ஃப்ரீஸரில் வைக்கவே கூடாது. கடைக்காரர் அதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறாரா என்று பார். ஐஸ் பேக் வைத்த கவரில் போட்டுத் தரச் சொல், ஆனால் மருந்து ஐஸில் நேராக ஒட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. காலாவதித் தேதியைப் படி. பில்லை வாங்கி ஃபைலில் வை. போடும் முன் நர்ஸ் குலுக்குவார், மருந்து வெள்ளையாகக் கலங்கித் தெரியும். அது அப்படித்தான் இருக்கும், பயப்படாதே.

ஊசி போடும் நாள்

தோள்பட்டைக்குக் கீழே, மேல்கையில் போடுவார்கள். இறுக்கமான ஜாக்கெட், முழுக்கை சுடிதார் வேண்டாம், தளர்வான கையுள்ள உடையில் போ. எந்தக் கையைக் கீழே வைத்துப் படுத்துத் தூங்குகிறாயோ அதை விட்டுவிட்டு மற்றக் கையில் போடச் சொல். வெறும் வயிற்றோடு போகாதே. போட்ட பிறகு கால் மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திரு. ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருகிறவளாக இருந்தால் படுத்துக்கொண்டே போடச் சொல்லலாம்.

அன்றும் மறுநாளும் கை வலிக்கும். போட்ட இடம் சிவந்து தடிக்கலாம். உடம்பு அசதியாக, லேசாகக் காய்ச்சலாக இருக்கலாம். ஓரிரு நாளில் சரியாகிவிடும். துணியில் குளிர்ந்த நீர் நனைத்து ஒத்தடம் கொடு. தேய்த்து விடாதே. தேவைப்பட்டால் பாராசிட்டமால், அதுவும் உன் டாக்டர் சொன்ன அளவில். வீட்டில் கிடக்கும் வேறு வலி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளாதே. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியானவை கர்ப்ப காலத்தில், அதுவும் பிற்பாதியில் ஆகாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டி நின்றாலும், பிள்ளையின் அசைவு குறைந்தாலும், வயிற்று வலி, உதிரம், நீர் கசிவு இருந்தாலும் "ஊசியால்தான் இருக்கும்" என்று நீயே முடிவு கட்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

இதில் உயிருள்ள கிருமி கிடையாது. அதனால் ஊசியாலேயே உனக்கோ பிள்ளைக்கோ கக்குவான் வராது.

டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

முன்பு இதே வகை ஊசி போட்டு மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு என்று கடுமையான அலர்ஜி வந்திருக்கிறதா? சிறு வயதில் முத்தடுப்பு ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள் நினைவு தப்பியதாக அம்மா சொல்லியிருக்கிறாளா? கட்டுப்படாத வலிப்பு உண்டா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையோ ஊசியோ எடுக்கிறாயா? கடும் காய்ச்சலோடு இருக்கிறாயா? இதில் ஒன்று இருந்தாலும் முதலில் சொல். சாதாரண சளி, தும்மல் ஊசியைத் தள்ளிப் போடக் காரணமாகாது.

உன் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் 28-ஆம் வாரத்தை ஒட்டி ஆன்டி-டி என்று இன்னோர் ஊசி எழுதுவார்கள். அது வேறு, டிடாப் வேறு. ஒன்றைப் போட்டதால் மற்றதும் ஆகிவிட்டதாக நினைக்காதே. ஃப்ளூ ஊசியும் அப்படித்தான். அதை டிடாப்போடு ஒரே நாளில் வேறு கையில் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டு ஆட்களையும் கணக்கில் எடு

பச்சைப் பிள்ளைக்குக் கக்குவான் வருவது பெரும்பாலும் வீட்டாரிடமிருந்துதான். பெரியவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் சாதாரண ஜலதோஷம் போலவே இருக்கும், அந்த நேரத்தில்தான் அதிகமாகப் பரவும். தாத்தா, பாட்டி, அப்பா என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டே இருக்கப் போகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு டிடாப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளையைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். எல்லோருக்கும் வாங்கக் காசு போதவில்லை என்றால் உன்னுடையதுதான் முதலில். அவர்கள் போட்டால் நோய் வீட்டுக்குள் வருவது குறையும், பிள்ளையின் ரத்தத்தில் எதிர்ப்பைச் சேர்க்க உன்னால் மட்டுமே முடியும். மூத்த பிள்ளை இருந்தால் அவனுடைய ஒன்றரை வயது, ஐந்து வயது பூஸ்டர் விட்டுப் போயிருக்கிறதா என்று அட்டையைப் பார்.

அடுத்தது குளிப்பாட்டுகிற பாட்டி. நம் தெருவில் பிள்ளை பிறந்த வீட்டுக்கெல்லாம் ஒருவர் வருவாரே, பார்த்திருப்பாய். முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கணுக்கால் மேல் பிள்ளையைக் கிடத்தி, பருத்த கையால் வெந்நீரை அள்ளி அள்ளி ஊற்றுவார். பிள்ளையும் சுகமாகக் கிடக்கும். அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு வாயில் விரலை விட்டுக் கோழை எடுப்பார். மூக்கில் வாயை வைத்து ஊதுவார். பார்க்கிறவர்கள், "அப்பாடா, சளியெல்லாம் வந்துடுச்சு" என்பார்கள். நாலு வீடு போய்விட்டு வந்த ஒருவருடைய மூச்சு நேராகப் பிள்ளையின் மூக்குக்குள் போகிறது. இருமல் உள்ளவரானால் கேட்கவே வேண்டாம். "குளிப்பாட்டுங்க பாட்டி, ஊத மட்டும் வேண்டாம், டாக்டர் திட்டுவார்" என்று முதல் நாளே சொல்லிவிடு. பழியை டாக்டர் மேல் போட்டுவிட்டால் யாருக்கும் வருத்தம் வராது.

பிள்ளை பார்க்க வருகிறவர்களிடமும் அதே கண்டிப்புதான். இருமல், ஜலதோஷம் இருந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போகட்டும். முகத்தில் முத்தம் கொடுக்கக் கூடாது. கை கழுவிவிட்டுத்தான் தூக்க வேண்டும். இதை நீ சொன்னால், "நேத்துப் பெத்தவ, இன்னிக்குச் சட்டம் பேசுறா" என்பார்கள். அதனால் சொல்லும் வேலையை அம்மாவிடம் விடு, அல்லது மாப்பிள்ளையிடம்.

கழுதைப் பாலும் தேனும்

இருமலுக்கு நல்லது என்று தெருவில் கழுதையைக் கூட்டிக்கொண்டு வருகிறவரிடம் ஒரு சங்குப் பால் வாங்கிப் பிள்ளைக்கு ஊற்றுவது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. கக்குவானை அது தடுக்காது, தீர்க்காது. காய்ச்சாத பாலால் வேறு கிருமி வேண்டுமானால் உள்ளே போகும். வசம்பு, உரை மருந்து, நாக்கில் தடவும் தேன் எல்லாம் அப்படியே. தேன் ஒரு வயது வரை எந்தப் பேரிலும் வேண்டாம். அதிலிருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி பச்சைப் பிள்ளைக்குக் கடுமையான தசைச் செயலிழப்பை உண்டாக்கக்கூடும். குளித்ததும் காட்டுகிற சாம்பிராணிப் புகையும் பிள்ளையின் மூச்சுக்குழாயை உறுத்தும். வாசனை வேண்டுமானால் பிள்ளை இல்லாத அறையில் போடச் சொல்.

தாய்ப்பாலில் எதிர்ப்புப் பொருள் கொஞ்சம் போகிறது. அது நல்லது, கொடு. ஆனால் ஊசிக்கு அது மாற்று ஆகாது.

பிள்ளைக்கு இருமல் வந்தால்

பச்சைப் பிள்ளையிடம் 'ஊப்' என்று இழுத்து இருமும் சத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருக்காதே. பல பிள்ளைகளுக்கு அது வரவே வராது. மூக்கு ஒழுகல், லேசான இருமலில் தொடங்கும். பிறகு அடுக்கடுக்காக இருமி முகம் சிவந்து போகும், இருமிய பிறகு பாலைக் கக்கும், பால் குடிக்க மறுக்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு இப்படி இருந்தால் அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் காட்டு. வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் இருந்தால் அதையும் சொல். மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, உதடும் நாக்கும் நீலமானாலோ, பிள்ளை துவண்டாலோ 108-ஐக் கூப்பிடு. டாக்டர் மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பார், ஆன்டிபயாட்டிக் கொடுப்பார். வீட்டில் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். யாருக்கும் நீயாக இருமல் டானிக் வாங்கி ஊற்றாதே.

ஒன்றரை மாத ஊசியைத் தள்ளிப் போடாதே

நீ போட்டுக்கொண்டது பிள்ளையின் ஊசிக்குப் பதில் ஆகாது. 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியாகப் போடுகிற பென்டாவேலன்ட், இலவசமாகவே கிடைக்கிறது. 2011 டிசம்பரில் இந்தியாவில் அதை முதலில் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும்தான். நம் சுகாதார நிலையங்களில் புதன்கிழமை ஊசி நாள். பிள்ளைக்கு லேசாகச் சளி இருக்கிறது, வீட்டில் விசேஷம் இருக்கிறது, அப்பா ஊரில் இல்லை என்று ஒரு புதன் விட்டால், அந்த ஒவ்வொரு வாரமும் உன் எதிர்ப்புப் பொருள் கரைந்துகொண்டே இருக்கும். பென்டாவேலன்ட் போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், தொடை வீங்கும், அழும். செவிலியர் சொன்ன அளவில் காய்ச்சலுக்கான சொட்டு மருந்து கொடு, மறுநாளோ அதற்கு மறுநாளோ சரியாகிவிடும். பிறகு 16 முதல் 24 மாதத்தில் ஒரு பூஸ்டர், ஐந்து வயது முடிந்து ஆறுக்குள் இன்னொன்று.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது?"

உன் மாமியார் இதைக் கேட்பார். எதிர்த்துப் பேசாதே. அவர்கள் காலத்தில் கக்குவான் வந்து போன பிள்ளைகளைப் பற்றி அவரையே கேள். தெருவில் ஒரு பெயராவது சொல்வார், சில பெயர்களைச் சொல்லும்போது குரல் இறங்கும். பிழைத்தவர்கள்தான் இன்றைக்கு உட்கார்ந்து கதை சொல்கிறார்கள். "கர்ப்பத்துல எதுக்கு இத்தனை ஊசி?" என்று கேட்டால், பத்தாண்டுக்கும் மேலாகப் பல நாடுகளில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் போட்டுக்கொண்ட ஊசி இது, கருவுக்குக் கெடுதல் செய்ததாகத் தெரியவில்லை என்று சொல். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் அடுத்த செக்கப்புக்கு அவரையே கூட்டிக்கொண்டு போ. டாக்டர் வாயால் கேட்டால், போடச் சொல்லி உனக்கு நினைவூட்டுகிறவரும் அவராகவே ஆகிவிடுவார்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்.

1. இன்றைக்கு எனக்கு எத்தனையாவது வாரம்?
2. டிடாப் எந்தத் தேதியில்? இரண்டாவது டி.டி.க்குப் பதிலாகவா, தனியாகவா?
3. மருந்து இங்கேயே இருக்கிறதா, வெளியே வாங்க வேண்டுமா, எவ்வளவு?
4. எனக்கு இருக்கும் இந்த அலர்ஜி, இந்த மாத்திரைகளோடு போடலாமா?
5. அட்டையில் பெயரும் தேதியும் எழுதித் தருவீர்களா?

ஐந்துக்கும் பதில் கிடைக்காமல் அறையை விட்டு எழுந்திருக்காதே. வெளியே கூட்டம் இருக்கிறது, டாக்டர் அவசரத்தில் இருக்கிறார் என்று கூச்சப்பட வேண்டாம். 27 வாரம் தாண்டியும் டிடாப் என்ற பெயரை உன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்க் கேள்.